ஞாயிற்றுக்கிழமை மழை

நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகளும் தேறிவிட்டன, எல்லாம் பச்சை. திங்கட்கிழமை காலை எட்டரை மணி. ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே, பாத்திரக்கடை மேல்மாடியில் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், கிருஷாந்தி அந்தப் பச்சை வரிசையைப் பார்த்தபடி பால் விடாத சாயத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அவள் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினால் 'தூறல்' 1.0 வெளியே வந்துவிடும். நாலு வருடமாகப் பூச்சியம் புள்ளி ஐந்து, பூச்சியம் புள்ளி ஒன்பது என்று தவழ்ந்துகொண்டிருந்த பிள்ளை அன்றைக்கு எழுந்து நிற்கப் போகிறது.

தூறல் என்பது செயலி அல்ல, செயலிகளுக்கு உள்ளே இருக்கிற நிரல். தேயிலைத் தோட்டத்தில் அளந்த மழையை வாங்கிக்கொண்டு, மலைச்சரிவில் இருக்கிற லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, இன்றைக்கு என்ன நிறம் என்று சொல்லும். ஒரு நாள் மழை எழுபத்தைந்து மில்லிமீற்றருக்குக் கீழே என்றால் பச்சை. தாண்டினால் மஞ்சள், கவனமாக இரு. நூறைத் தாண்டினால் செம்மஞ்சள், லயத்தை விட்டு வெளியேறு. நூற்றைம்பது என்றால் சிவப்பு, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதே. கிருஷாந்தியும் நோட்டன் பிரிட்ஜில் கணினி படிப்பிக்கும் கஜேந்திரனும் சேர்ந்து எழுதியது. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுக்கலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். தோசைமாவு மாதிரிதான். அவரவர் வீட்டில் அவரவர் சுட்டுக்கொள்வார்கள். மாவு கெட்டுப்போயிருந்தால் எல்லார் வீட்டுத் தோசையும் கெட்டுப்போகும்.

1.0 என்று போடுவது சும்மா பட்டுக்குஞ்சம் கட்டுகிற வேலை அல்ல. 'இனி இது மாறாது, இதை நம்பி உங்கள் வேலையை இதன்மேல் கட்டலாம்' என்று ஊர் அறியக் கொடுக்கும் வாக்கு. கொடுத்த பிறகு உள்ளே சின்னச் சின்னப் பிழைகளைத் திருத்தலாம். அது பேசுகிற பேச்சை மாற்றக்கூடாது. நாலு நிறம் என்று சொல்லிவிட்டால் நாலு நிறம்தான்.

அந்த வாக்குக்காகக் கொழும்பில் நிரஞ்சன் காத்திருந்தார். நாற்பத்து மூன்று தோட்டங்களுக்கு மண்சரிவு எச்சரிக்கை அனுப்பப் போகிற ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர். "நிலையான பதிப்புன்னு முத்திரை இல்லாம நாங்க தொடமாட்டோம். மழைக்காலம் ரெண்டு வாரத்துல பிடிச்சிரும்" என்று ஏற்கெனவே மூன்று தடவை சொல்லிவிட்டார். இதுவரை தூறல் ஓடுவது ஒரே ஒரு தோட்டத்தில். றொசல்லைக்கு மேலே இருக்கிற ஆனைக்கல் தோட்டம், கிருஷாந்தி பிறந்த இடம். மூன்று வாரமாக அங்கே நூற்று அறுபது போன்களில் பரீட்சைக்காக ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய அம்மா சண்முகவடிவின் போனும் அதில் ஒன்று.

எட்டு முப்பத்தொன்றுக்கு ஆனைக்கல்லின் மழை அளவு வந்து விழுந்தது. ஞாயிறு 71, திங்கள் 71. இரண்டு நாளும் பச்சை.

கிருஷாந்தி சாயத்தண்ணியைத் தள்ளிவைத்துவிட்டு அந்த எண்களை மறுபடி பார்த்தாள்.

ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மழையை அவளே கையால் அளந்திருந்தாள். சனிக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போயிருந்தாள். இரவு முழுக்கத் தகரத்தில் மழை அடித்தது. காலையில் கொஞ்சம் விட்டதும், வெளியீட்டு அறிவிப்புக்கு ஒரு படம் எடுக்கலாம் என்று தோட்டத்து ஸ்டோருக்குப் போனாள். தேயிலைத் தொழிற்சாலைக்கு அங்கே ஸ்டோர் என்றுதான் பேர். அதன் பின்பக்கம், கம்பி வேலிக்குள், மழையளக்கும் செப்புக்குவளை. காவல்காரர் திறந்துவிட்டார். தூக்கிப் பார்த்தாள், கனத்தது. கண்ணாடிக் குழாயில் ஊற்றி ஊற்றி அளந்தாள். நூற்றுப் பதினெட்டு. சனி காலையிலிருந்து ஞாயிறு காலை வரை, ஒரே நாளில் நூற்றுப் பதினெட்டு.

அளந்த தண்ணீரை ஒரு சொட்டு சிந்தாமல் திரும்பக் குவளைக்குள் ஊற்றினாள். அது ஆபிஸ் கிளாக்கர் வீரய்யாவின் பொறுப்பு, அவர் வந்து அளந்துகொள்வார், நாம் கை வைக்கக்கூடாது என்ற மரியாதை. ஒரு கடதாசியில் அளவை எழுதி ஆபிஸ் கதவிடுக்கில் செருகியிருக்கலாம். தோன்றவில்லை. படித்த பிள்ளைகளுக்குச் சில சமயம் இப்படித்தான், எல்லாம் தோன்றும், வேண்டியது தோன்றாது.

ஆனால் லயத்துக்கு ஓடிப்போய்ச் சொன்னாள். அஞ்சாம் நம்பர் லயம் மலைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கிறது, இருபத்துநான்கு காம்பரா, ஒற்றையறை வீடுகள். ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சொல்லி, இருட்டுவதற்குள் அத்தனை பேரையும் மேலே பள்ளிக்கூட மண்டபத்துக்கு அனுப்பிவைத்தாள். போன் இன்னும் பழைய நிறத்திலேயே இருந்தது. அளவு அனுப்பினால்தானே மாறும், நாளைக்கு வீரய்யா ஐயா அனுப்பினதும் ஞாயிற்றுக்குச் செம்மஞ்சள் விழும் என்று நினைத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்துவிட்டாள்.

இப்போது எழுபத்தொன்று, எழுபத்தொன்று.

கஜேந்திரனை அழைத்தாள்.

"பார்த்தேன் கிருஷா, பச்சை. நல்லதுதானே. பத்து மணிக்கு ரெடியா?"

"நேத்து நானே அளந்தேன்டா. நூத்திப் பதினெட்டு."

"பிழையா அளந்திருப்ப."

"ரெண்டு எழுபத்தொண்ணையும் கூட்டு. நூத்தி நாப்பத்திரெண்டு. அதுல நூத்திப் பதினெட்டு போனா இருபத்திநாலு. நேத்து பகல்ல பேஞ்சது அவ்வளவுதான் இருக்கும். மொத்தத்தையும் ரெண்டாப் பிரிச்சு எழுதியிருக்காங்க, கஜே."

அந்தப் பக்கம் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. அவர்களிடம் பதினொரு தோட்டங்களின் ஆறு வருட மழைப் புத்தகங்கள் இருந்தன. தூறலுக்கு வைத்த சோதனைகள் அத்தனையும் அந்தப் புத்தகங்களிலிருந்து எடுத்தவை.

"கிருஷா." கஜேந்திரனின் குரல் இறங்கியிருந்தது. "ஒன்பது தோட்டத்துல ஞாயிறும் திங்களும் ரெட்டைப்பிள்ளை. ஆறு வருஷமும். ஒரே நம்பர். ரெண்டு தோட்டத்துலதான் வேற வேற."

"நாம பார்க்கவே இல்லையே."

"எப்படிப் பார்க்கிறது? எல்லாக் கட்டமும் நிறைஞ்சிருந்துச்சே."

அதுதான் விஷயம். புத்தகமே பொய் சொன்னால், புத்தகத்தை வைத்துச் செய்த சோதனை என்ன சொல்லும்? கேள்வியையும் விடையையும் ஒரே ஆள் எழுதினால் நூற்றுக்கு நூறு வராமல் வேறென்ன வரும்? நானூற்றுப் பன்னிரண்டு பச்சையும் அவளைப் பார்த்துப் பல்லைக் காட்டின.

"கேளு," என்றான் கஜேந்திரன். "இப்ப 1.0 விட்டுருவோம். நாற்பத்து மூணு தோட்டம் கிருஷா. விடலன்னா இந்த மழைக்கு அவங்களுக்கு ஒண்ணுமே இல்ல. நாளைக்குத் திருத்தி 1.0.1 போடலாம்."

"என்னத்தத் திருத்துவ? அளக்காத நாளுக்கு நம்மகிட்ட நிறமே இல்லையே. 'தெரியாது'ன்னு சொல்ல அதுக்கு வாயே வைக்கல நாம. அஞ்சாவதா ஒரு பதில் வேணும். அத 1.0க்குப் பிறகு சேர்த்தா, நம்மள நம்பிக் கட்டினவங்க எல்லாருடைய செயலியும் உடையும்."

கஜேந்திரன் பதில் சொல்வதற்குள் அவளுக்கு வேறொன்று உறைத்தது. நூற்று அறுபது போன். எட்டு முப்பத்தொன்றுக்குப் பச்சை. அழைப்பைத் துண்டித்து அம்மாவின் எண்ணை அழுத்தினாள். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினாள். ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் மேல் மேகம் இருட்டிக்கொண்டு வந்தது. மூன்றாவது தடவை அம்மா எடுத்தாள்.

"என்னாம்மா, அடுப்பு பத்த வச்சிக்கிட்டிருந்தேன்."

"எந்த அடுப்பு? எங்க இருக்கீங்க?"

"நம்ம காம்பராலதான். எல்லாரும் வந்துட்டோம். பிள்ளைங்கெல்லாம் விடிஞ்சதுலேருந்து பசி பசின்னு ஒரே அழுகை. எட்டரைக்குப் போன பார்த்தோம். நேத்துக்கும் பச்சை, இன்னைக்கும் பச்சை. நம்ம கிருஷாந்தி செஞ்ச சாமானே சொல்லுது, இனி என்னான்னு வந்துட்டோம்."

கிருஷாந்தி இங்கே உட்கார்ந்து, தூறல் நம்பத்தக்கதா, இன்றைக்கு விடலாமா நாளைக்கு விடலாமா என்று மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். ஆனைக்கல் சனம் அதை மூன்று வாரத்துக்கு முன்பே முடிவு செய்துவிட்டது. கிருஷாந்தி செய்தது, சரியாகத்தான் இருக்கும். அவ்வளவுதான் அவர்களுடைய சோதனை.

"அம்மா, அடுப்ப அணைங்க. எல்லாரையும் கூட்டிக்கிட்டு மறுபடி ஸ்கூலுக்குப் போங்க. இப்பவே."

"நேத்து வாயால போன்னு சொன்ன. இன்னைக்குப் போனால வான்னு சொன்ன. இப்ப மறுபடி போன்னா எதத்தான் நம்புறது?"

"போன ஸ்பீக்கர்ல போடுங்க. இஸ்தோப்புக்கு வந்து எல்லாரையும் கூப்பிடுங்க."

சண்முகவடிவு வாசல் திண்ணைக்கு வந்து கூப்பிட்டாள். கதவுகள் திறக்கும் சத்தம், யாரோ இருமும் சத்தம், ஒரு குழந்தையின் அழுகை. பிறகு தோட்டத் தலைவர் ஜீவராஜின் குரல். சங்கத்து ஆள், லயத்தில் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"தங்கச்சி, என்னா இது? போன மாசம்தான் கோயில்ல வச்சு உனக்கு மாலை போட்டோம். நம்ம லயத்துப் பிள்ளை செஞ்சதுன்னு றொசல்ல வரைக்கும் சொல்லிக்கிட்டுத் திரியிறோம். பச்சை பிழைன்னா, எதுதான் சரி?"

அவளுக்கு அந்த மாலை ஞாபகம் வந்தது. அம்மா அழுததும் ஞாபகம் வந்தது. வெட்கம் முகத்தில் சூடாக ஏறியது.

"அண்ணே, நான் செஞ்சது பிழை. அது பொய் சொல்லுது. நேத்து என் கண்ணால பார்த்தது நூத்திப் பதினெட்டு. என்னயத் திட்டுங்க, நல்லாத் திட்டுங்க. ஆனா ஸ்கூலுக்குப் போயிட்டுத் திட்டுங்க."

தகரத்தில் மழை மறுபடி விழத் தொடங்கும் சத்தம் போனில் கேட்டது.

"சரி, கிளம்புங்க," என்றார் ஜீவராஜ், அவளிடம் அல்ல, மற்றவர்களிடம். "பிள்ளைகளத் தூக்குங்க. பானை சட்டியெல்லாம் பிறகு பார்க்கலாம்."

கிருஷாந்தி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அம்மா மூச்சிரைக்கப் படியேறுவது கேட்டது. யாரோ வழுக்கி விழுந்து எழுந்தார்கள். 'சுலக்ஷனா, உங்க மாமாவப் பிடி' என்று அம்மா பக்கத்துக் காம்பராப் பெண்ணிடம் கத்தினாள். நடுவில் நடுவில் இன்னொரு அழைப்பு கூவியது, திரையில் நிரஞ்சன் பேர். அவள் எடுக்கவில்லை. பத்து மணி வந்தது, போனது. பத்து எட்டுக்கு அம்மா சொன்னாள்: "எல்லாரும் வந்தாச்சு. எண்ணிப் பார்த்தாச்சு. நீ சாப்பிட்டியா?"

கிருஷாந்தி மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள்.

நிரஞ்சன் நாலாவது தடவை அழைத்தபோது எடுத்து நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். முழுவதையும் கேட்டார்.

"சரி, ஒரு தோட்டத்துல ஒரு கிளாக்கர் பிழையா எழுதிட்டாரு. அதுக்கு தூறல் என்ன செய்யும்?"

"ஒன்பது தோட்டம். அளக்காத நாளுக்கு அது பச்சை காட்டுது. அளக்கலன்னா அளக்கலன்னு சொல்லணும். சாம்பல் நிறம். அத வச்சுத்தான் 1.0."

"கிருஷாந்தி, எங்க செயலில நாலு நிறம். போஸ்டர் அடிச்சாச்சு, நாலு நிறம். மழை கொட்டுற நேரம் ஒரு எச்சரிக்கை, 'எனக்குத் தெரியாது'ன்னு சொன்னா எவன் மதிப்பான்? தூக்கி எறிஞ்சிருவாங்க. பிறகு சிவப்பு வந்தாலும் பார்க்க ஆள் இருக்காது."

அது முட்டாள்தனமான பேச்சு அல்ல என்பதுதான் அவளுக்கு வலித்தது. நிரஞ்சன் சொல்வது நடக்கவும் கூடும்.

"அடுத்த ஞாயிறு ஆனைக்கல்ல மட்டும் சாம்பல் போட்டுப் பாருங்க," என்றார் கடைசியில். "நானும் இங்கேருந்து பார்க்கிறேன். சனங்க கண்டுக்காம விட்டா, நாலு நிறத்தோட 1.0. சரியா?"

"கண்டுக்காம விட்டா 1.0யே இல்ல, சார். நீங்க வேற வழி பார்த்துக்குங்க."

"அப்ப நாற்பத்து மூணு தோட்டத்துக்கும் இந்த மழைக்கு ஒண்ணுமில்ல. அத நீங்கதான் சுமக்கணும்," என்று சொல்லிவிட்டு வைத்தார்.

சுமந்தாள். அன்றைக்குப் பின்னேரம் ஆனைக்கல்லுக்குப் போகும் பஸ்ஸில் அதைத்தான் மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

அஞ்சாம் நம்பர் லயத்தில் மண் விழவில்லை. ஆனால் லயத்துக்குப் பின்னால், அம்மாவின் குசினிச் சுவரிலிருந்து நாலு அடியில், சரிவில் ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. ஜீவராஜ் அதற்குள் கையை விட்டுக் காட்டினார். மணிக்கட்டு வரை போனது. நேற்று அது இல்லை. யாரும் கிருஷாந்தியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அங்கிருந்து நேராக ஆபிஸுக்குப் போனாள். வீரய்யாவுக்கு ஐம்பத்தைந்து வயது. சட்டைப் பையில் இரண்டு பேனா, மேசையில் ஒரு தூசி கிடையாது.

"ஐயா, ஞாயித்துக்கிழமை மழைய யாரு அளக்கிறது?"

"ஞாயித்துக்கிழமை ஆபிஸ் பூட்டும்மா."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கு நம்பர் எங்கேருந்து வருது?"

வீரய்யா மழைப் புத்தகத்தை எடுத்து விரித்தார். அதில் ஒளிவு மறைவு இல்லை, பெருமைதான் இருந்தது. "பாருங்க, இருபத்திரெண்டு வருஷம். ஒரு கட்டம் வெறுமையா இல்ல. வெறும் கட்டம் விட்டா பெரிய துரை புத்தகத்தையே வீசிருவாரு. அதனால திங்கக்கிழமை குவளையில இருக்கிற தண்ணிய ரெண்டு நாளைக்கும் நியாயமாப் பங்கு வச்சுப் போடுறேன். ஒரு சொட்டு கூடவும் கூடாது, குறையவும் குறையாது."

உண்மைதான். மாதக் கூட்டுத்தொகை அச்சொட்டாக இருக்கும், வருடக் கூட்டுத்தொகையும் இருக்கும். தேயிலைக்கு அது போதும். செடிக்கு ஞாயிறென்ன, திங்களென்ன? மலைக்குத்தான் அது போதாது. எந்த நாளில் எவ்வளவு குடித்தோம் என்பது மலைக்குத் தெரியும். கிருஷாந்திக்குக் கோபம் தலைக்கேறியது. அதைக் காட்ட அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வார்த்தை. கொழுந்து நிறை குறைந்த நாளில், எடுத்த பெண்ணுக்குப் பாதி நாள் வேலை என்றுதான் செக்ரோல் என்ற வருகைப் பதிவில் விழும். அதற்குத் தோட்டத்தில் அரைப்பேர் என்று பெயர். சண்முகவடிவு முப்பது வருடமாக அந்த அரைப்பேருக்குப் பயந்து பயந்து கொழுந்து எடுத்தவள்.

"கொழுந்து குறைஞ்சா எங்கம்மாவுக்கு அரைப்பேர் போடுறீங்க. மழை கூடினதுக்கும் அரைப்பேரா ஐயா?"

வீரய்யா முகம் சுண்டிப்போயிற்று. வெடிப்பைப் பற்றியும் சொன்னாள். அவர் புத்தகத்தை மெதுவாக மூடினார். "எனக்கு ஞாயித்துக்கிழமை லீவும்மா," என்று மட்டும் சொன்னார். மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அந்த வாரம் முழுக்க அவளும் கஜேந்திரனும் தூறலுக்கு ஒரு புது வாய் வைத்தார்கள். எட்டரைக்குள் அளவு வராவிட்டால் பழைய நிறத்தைக் காட்டக்கூடாது. சாம்பல். 'இன்று மழை அளக்கவில்லை.' மழை பெய்த இரண்டு நாளுக்கு ஒரே அளவு வந்தாலும் சாம்பல்தான். அதற்கும் சோதனைகள் எழுதினார்கள், இந்த முறை புத்தகத்தைப் பார்த்து அல்ல. கஜேந்திரன் தன் வகுப்புப் பிள்ளைகளைத் திட்டிய திட்டையெல்லாம் அந்த வாரம் தனக்கே கொடுத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை அவன் கேட்டான்: "ஞாயிறு யாரும் எட்டியே பார்க்கலன்னா?" அவள் அடுத்த சோதனையை எழுதத் தொடங்கினாள்.

ஞாயிறு வந்தது. சனிக்கிழமை மாலையிலிருந்து மழை. வெடிப்புக்குப் பக்கத்தில் இருந்த எட்டுக் காம்பராக்காரர்கள் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே இருந்தார்கள், சண்முகவடிவும்தான். கிருஷாந்தி மண்டபத்து மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்தாள். அவள் தனக்குள் ஒரு சத்தியம் வைத்திருந்தாள். குவளைப் பக்கம் போகக்கூடாது. வீரய்யாவுக்குப் போன் பண்ணக்கூடாது. யாருக்கும் ஒரு சொல் சொல்லக்கூடாது. நாற்பத்து மூன்று தோட்டத்திலும் சொல்லிக்கொடுக்க கிருஷாந்தி இருக்கமாட்டாளே.

எட்டரைக்கு நூற்று அறுபது போன்களும் சாம்பல் ஆயின.

"என்னா இது, போன் பழுதாப் போச்சா?" என்றாள் சுலக்ஷனா. இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

எட்டே முக்கால். ஒருவர் திரையைப் பார்த்துக் கொட்டாவி விட்டார். இன்னொருவர், "சாம்பல்னா பச்சை மாதிரிதான் போல," என்றார். கிருஷாந்தி உதட்டைக் கடித்துக்கொண்டாள். கொழும்பில் நிரஞ்சனும் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்பது மணி. ஒன்றும் நடக்கவில்லை. மழை மட்டும் பெய்துகொண்டிருந்தது.

சண்முகவடிவு போனைக் கண்ணுக்கு அருகே பிடித்து எழுத்துக் கூட்டினாள். "'இன்று... மழை... அளக்கவில்லை.' அப்படின்னா?"

"அளக்கலன்னா அளக்கலன்னுதான்," என்றார் ஜீவராஜ்.

"ஏன் அளக்கல? யாரு அளக்கணும்?"

"ஆபிஸ் வீரய்யா."

"அவரு என்னா செய்றாரு?"

"லீவு. வீட்டுல இருப்பாரு."

சண்முகவடிவு எழுந்தாள். மூலையில் தொங்கிய சாக்குக் கொங்காணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள், மழையில் கொழுந்துக்குப் போவதுபோலவே. "போன திங்கக்கிழமை நான் அடுப்பு பத்த வச்சேன்," என்றாள் பொதுவாக. "பின்னாடி மலை வெடிச்சு நிக்குது, நான் ரொட்டிக்கு மாவு பிசைஞ்சேன். எனக்கு இன்னைக்கு எவ்வளவுன்னு தெரியணும்." மகளைத் திரும்பியும் பார்க்காமல் வெளியே இறங்கினாள்.

சுலக்ஷனா பைக்குள்ளிருந்து போனை எடுத்து வீரய்யாவின் எண்ணைத் தேடினாள். பக்கத்தில் இருந்தவளும் தேடினாள். ஜீவராஜ் குடையை விரித்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குக் கூப்பிட்டால்கூட அப்படிப் போனதில்லை.

கிருஷாந்தி மூலையிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒன்பது பத்து. ஒன்பது இருபது. ஒன்பது இருபத்தேழுக்கு வீரய்யாவின் செய்தி வந்தது.

'ஞாயிறு 86. முழுப்பேர் போட்டாச்சு.'

சாம்பல் போய் மஞ்சள் விழுந்தது. போன வாரத்துக் கணக்காயிருந்தால் இந்த எண்பத்தாறும் திங்களோடு பங்கு போட்டுப் பச்சையாகியிருக்கும். அவள் சிரித்தாளா அழுதாளா என்று பக்கத்தில் தூங்கிய குழந்தையைத் தவிரச் சொல்ல ஆளில்லை.

பத்து நிமிடத்தில் நிரஞ்சன் அழைத்தார். "ஒன்பதுலேருந்து ஒன்பதரைக்குள்ள நூத்திப் பதினேழு பேரு திரும்பத் திரும்பத் திறந்து பார்த்திருக்காங்க. என்ன செஞ்சீங்க அங்க?"

"நான் ஒண்ணும் செய்யல. தெரியாதுன்னு சொன்னேன். அவங்க கேட்கப் போயிட்டாங்க."

"போஸ்டர மறுபடி அடிக்கணும்," என்றார் அலுப்போடு. "சாம்பலுக்கு என்ன வசனம்னு அனுப்பிவைங்க."

அம்மா நனைந்து வந்து சேர்ந்தாள். வீரய்யா வீட்டில் உடுத்த சாரத்தோடு குடை பிடித்துக்கொண்டு வந்தாராம், சுற்றி முப்பது பேர் நின்று பார்த்தார்களாம். "கை நடுங்குது மனுசனுக்கு. ஒரு சொட்டு சிந்தினாருன்னு எல்லாரும் சத்தம் போட்டோம். நாப்பத்தொரு போன் வந்திருச்சு, அளக்காம எப்படி இருப்பேன்னாரு. சரி, மஞ்சள்னா என்னாம்மா செய்யணும்?"

"பார்த்துக்கிட்டே இருக்கணும்மா."

"பார்ப்போம்," என்று சண்முகவடிவு தலையைத் துவட்டினாள்.

கிருஷாந்தி இன்னும் ஒரு சோதனையைச் சேர்த்தாள். வீரய்யாவின் செய்தியை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே போட்டு, விடை மஞ்சள் என்று எழுதினாள். ஓடவிட்டாள். சோதனை தேறியது, பச்சை வந்தது. அந்தப் பச்சையை அவள் கொஞ்ச நேரம் நம்பாமல் பார்த்தாள், பிறகு கஜேந்திரனுக்கு ஒரு வார்த்தை அனுப்பினாள்: 'விடுறேன்.'

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, ஆனைக்கல் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து, தூறல் 1.0ஐ வெளியிட்டாள்.